கொழுந்து நிறுவைச் செயலி: புகாரைக் கேட்டுப் பிழை தேடும் வழி

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கமும், அந்தப் புறம் அப்புத்தளை, பசறை பக்கமும் தேயிலைக் கொழுந்து நிறுவையைப் போனில் பதியும் தோட்டங்கள் இப்போது இருக்கின்றன. தராசிலிருந்து எடை புளூடூத் வழியாகப் போனுக்கு வரும். போன் அதை வைத்திருந்து, கவரேஜ் கிடைக்கும்போது சேர்வருக்கு அனுப்பும். மாதக் கடைசியில் அது செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் சம்பளமாக விழும். இந்த மாதிரிச் செயலிகளை எழுதுகிறவர்களுக்கும் பராமரிக்கிறவர்களுக்கும்தான் இந்தக் குறிப்பு. புகார் எப்படி வாயால் சொல்லப்படுகிறதோ அப்படியே தலைப்புகளை வைத்திருக்கிறேன். மடுவத்திலிருந்து, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து, அழைக்கிறவர் "என் காலை நிறுவை இதுல இல்லீங்க ஐயா" என்றுதான் சொல்வார்; அங்கிருந்து செயலியின் கோடு (code) வரைக்கும் போவது நம் வேலை.

அந்த வார்த்தையை நம்பித் தொடங்குங்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்தெடுத்தவருக்குத் தன் மூன்று நிறுவையும் மனதில் இருக்கும். "சிஸ்டத்துல இப்படித்தான் காட்டுது" என்று அவருக்குப் பதில் சொல்வது அநியாயம். அது பிழை தேடுகிறவருக்கும் நட்டம், ஏனென்றால் கிடைத்த முதல் தடயத்தை அவர் தூக்கி எறிகிறார்.

முதலில் செய்யக் கூடாதது

எந்தப் புகாராக இருந்தாலும் "அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். அனுப்பப்படாத நிறுவைகள் அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கின்றன. செயலியை நீக்கினாலோ அமைப்புகளுக்குள் போய்த் தரவை அழித்தாலோ அவை போய்விடும். வேறு எல்லாச் செயலிக்கும் கைகொடுக்கும் அந்த வைத்தியம் இங்கே ஒருவரின் கூலியை அழிக்கும்.

செயலியின் முதல் திரையிலேயே "அனுப்பாதவை" என்று ஓர் எண் தெரிய வேண்டும். அழைப்பு வந்ததும் அந்த எண்ணைக் கேளுங்கள். அப்புறம் எந்த மடுவம், காலை நிறுவையா மதியமா மாலையா, யாருடைய போன், மடுவத்துப் புத்தகத்திலோ தொழிலாளரிடம் உள்ள நிறுவைத் துண்டிலோ என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். இதற்குப் பதில் கிடைக்காமல் கோடைத் திறப்பதில் பயனில்லை.

"தம்பி, வாட்ஸ்அப் போகுது, உங்க இது மட்டும் போகல"

இதை முதலில் டேட்டா பேக்கோடு வைத்துப் பாருங்கள். சமூக ஊடகத்துக்கு மட்டும் என்று விற்கும் பேக்குகளைப் போட்டிருப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் போனில் வாட்ஸ்அப் ஓடும், பேஸ்புக் ஓடும், நம் சேர்வருக்கு மட்டும் வழி இருக்காது. பிரவுசரில் வேறு ஏதாவது ஒரு தளத்தைத் திறக்கச் சொன்னால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பேக் சரி என்றால் அடுத்த சந்தேகம் ஏற்றுப் பக்கம், அதாவது போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் வழி. திரையின் மேலே தெரியும் சிக்னல் பட்டைகள் கோபுரத்திலிருந்து போனுக்கு வரும் சிக்னலின் வலிமையைக் காட்டுகின்றன. திரும்பிப் போகும் சிக்னலைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. கோபுரத்தோடு ஒப்பிட்டால் போனின் ஒலிபரப்புச் சக்தி மிகக் குறைவு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கோபுரமும் இந்தப் பக்கம் மடுவமும் இருக்கும் இடங்களில் பதிவிறக்கம் நடக்கும், பதிவேற்றம் நடக்காது. லொக்கில் (செயலி எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில்) இதற்கு ஓர் அடையாளம் உண்டு: சிறிய கோரிக்கைகள் வெற்றி பெறும், பெரியவை நடுவழியில் நேரம் முடிந்து விழும். தென்மேற்குப் பருவ மழை அடிக்கிற மாதங்களில் கோபுரங்களுக்கு இடையே உள்ள மைக்ரோவேவ் இணைப்புகளும் தளரும். அப்போது பிரச்சினை அந்தப் போனில் மட்டும் இருக்காது. ஒரு பகுதி முழுக்க ஒரே நேரத்தில் தோல்வி காட்டும். ஆகவே ஒரு போனின் லொக்கைத் தனியாகப் பார்த்து முடிவு கட்டாமல், அதே நேரத்தில் பக்கத்து மடுவம் என்ன செய்தது என்றும் பாருங்கள்.

தீர்வு அனுப்பும் பொதியைச் சிறிதாக்குவது. பத்து இருபது பதிவாகப் பிரித்து அனுப்புங்கள். படங்கள் இருந்தால் தனி வரிசையில் போகட்டும். நிறுவைக்கு முன்னால் ஒரு படம் வழியை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. தோற்றால் மறுமுயற்சிக்கு இடைவெளியை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கி, அதோடு கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் கூட்டுங்கள். தற்செயல் எதற்கு என்றால், மாலை நிறுவை முடிந்து எல்லாப் போனும் தொழிற்சாலை வைஃபைக்குள் வந்து சேர்வது ஏறக்குறைய ஒரே நேரத்தில். எல்லாம் ஒரே தாளத்தில் மறுமுயற்சி செய்தால் சேர்வர் அந்த அலையிலேயே மூழ்கும்.

ஒரு போன் மட்டும் நாள் கணக்கில் எதையும் அனுப்பாமல், மற்றவை எல்லாம் சரியாக இருந்தால் அது வேறு நோய். வரிசையின் தலையில் உள்ள ஒரு பதிவு கெட்டுப்போயிருக்கும்: எடை வெறுமையாக இருக்கலாம், தொழிலாளர் இலக்கம் சேர்வரில் இல்லாததாக இருக்கலாம். சேர்வர் அந்த ஒன்றுக்காக மொத்தப் பொதியையும் நிராகரிக்கிறது. போன் திரும்பத் திரும்ப அதே பொதியை அனுப்புகிறது. பின்னால் நிற்கும் நல்ல பதிவுகள் எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன. சேர்வர் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாகப் பதில் தரட்டும். ஏற்காததைப் போன் வேறு பெட்டியில் வைத்து, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் கண்ணில் படும்படி காட்டட்டும். நிராகரித்ததைச் சத்தமில்லாமல் தூக்கி எறிவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

"திறந்து பார்த்தால்தான் போகுது"

இது அண்ட்ராய்டின் இயல்பு. 2015 இல் வந்த அண்ட்ராய்டு 6 முதல், போன் அசையாமல் கிடக்கும்போது பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும் ஏற்பாடு இருக்கிறது. நீங்களே ஒரு டைமர் வைத்து ஓட்டினால் அது உறங்கிப்போகும். பின்னணி வேலைகளுக்கான அண்ட்ராய்டு வசதியான வேர்க்மேனேஜரிடம் வேலையை ஒப்படையுங்கள். அதிலும் திரும்பத் திரும்ப வரும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம் என்பதைக் கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதி அழைப்புகள் குறையும். சில கம்பனிப் போன்கள் இதற்கு மேலும் கடுமையாகச் செயலிகளை நிறுத்தும். பற்றரி அமைப்பில் விலக்குக் கொடுத்துப் பாருங்கள்.

"ஒரே கொழுந்து ரெண்டு தடவை விழுந்திருக்கு"

நிதானமாகப் பார்க்க வேண்டிய புகார் இது. அவசரப்பட்டால் நல்ல பதிவை அழித்துவிடுவோம்.

வழக்கமாக நடப்பது இது: போன் பதிவை அனுப்புகிறது, சேர்வர் எழுதிவிடுகிறது, "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வரும் வழியில் தொலைகிறது. போனுக்கு அது தோல்வி. ஆகவே மறுபடி அனுப்புகிறது. சேர்வருக்கு அது புதுப் பதிவு. கவரேஜ் விட்டு விட்டு வரும் இடத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்கு உறுதியாகத் தெரியாத நிலை எந்த வலையமைப்பிலும் உண்டு. செய்யக்கூடியது, இரண்டாம் முறை வருவதைத் தீங்கில்லாமல் ஆக்குவது.

அதற்கு ஒவ்வொரு நிறுவைக்கும் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்திலேயே போனில் ஒரு தனி அடையாளம், ஒரு யூயூஐடி, உருவாக வேண்டும். அது பதிவோடு சேர்ந்து உள்ளூர்த் தரவுத்தளத்தில் எழுதப்பட்ட பிறகுதான் அனுப்பும் வேலை தொடங்க வேண்டும். அனுப்பும் நேரத்தில் அடையாளத்தை உருவாக்கினால் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புது அடையாளம் வரும், பயனில்லை. சேர்வர் பக்கத்தில் அந்தக் களத்துக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு (ஒரே அடையாளத்தை இரண்டு தடவை எழுத விடாத விதி) போடுங்கள். "முதலில் தேடு, இல்லையென்றால் எழுது" என்று கோடில் எழுதுவது போதாது. இரண்டு கோரிக்கை ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று கண்டு இரண்டுமே எழுதும். தரவுத்தளமே தடுக்கட்டும்.

இன்னொன்று பலர் விடுவது: ஏற்கனவே உள்ள அடையாளம் மறுபடி வந்தால் சேர்வர் பிழை என்று பதில் தரக் கூடாது. முதல் தடவை தந்த அதே வெற்றிப் பதிலைத் தர வேண்டும். பிழை என்றால் போன் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், அல்லது அந்தப் பதிவைத் தோல்வி என்று குறித்துக் கணக்கப்பிள்ளையைக் குழப்பும்.

சரி, ஏற்கனவே விழுந்துவிட்ட இரட்டைகளை எப்படிக் களைவது? ஆள், திகதி, எடை மூன்றும் ஒன்றாக இருந்தால் அழித்துவிடு என்று ஒரு வரி எழுதி ஓட்டுவது மிகவும் ஆபத்தானது. காலையில் 9.5 கிலோவும் மதியத்தில் 9.5 கிலோவும் ஒருவர் எடுத்திருக்கலாம். ஒரே நிறுவையில் இரண்டு சாக்கும் ஒரே எடை காட்டலாம். போனில் பதிந்த நேரத்தைப் பாருங்கள். நொடிக்கு நொடி, மில்லி நொடிக்கு மில்லி நொடி அதே நேரம் என்றால் அது மறுமுயற்சி, ஒன்றைத் தள்ளலாம். இரண்டு மூன்று நொடி இடைவெளி என்றால் பொத்தானை இரு தடவை அழுத்தியிருக்கக்கூடும். அதை மடுவத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். நிமிடக் கணக்கில் இடைவெளி என்றால் அது உண்மையான இரண்டாவது நிறுவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் நிரந்தரமாக அழிக்கவும் வேண்டாம். "தள்ளப்பட்டது" என்று குறித்து, யார், எப்போது, ஏன் என்று பக்கத்தில் எழுதுங்கள். செக்ரோலை மூடிய பிறகு ஒருவர் வந்து கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டும்.

"தராசுல பதினெட்டு, போன்ல எட்டு"

இதைக் கேட்டதும் கை தவறி அழுத்தியிருப்பார்கள் என்று தோன்றும். தரவைப் பாருங்கள். 18.40 கிலோ 8.40 ஆகியிருக்கிறதா, 21.60 கிலோ 1.60 ஆகியிருக்கிறதா? முதல் இலக்கம் மட்டும் காணாமல் போவது கைத்தவறு இல்லை, அது வாசிப்புப் பிழை.

தராசு தன் அளவீட்டை ஒரு வரியாக அனுப்புகிறது, வரி முடிவுக் குறியோடு. ஆனால் புளூடூத்தில் அது ஒரு வரியாகவே வந்து சேரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. குறைசக்திப் புளூடூத்தில் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ஒரு தடவையில் 20 பைட்தான் வரும்; அதைவிட நீண்ட வரி இரண்டாக உடையும். பழைய வகைப் புளூடூத்திலும் "1" ஒரு துண்டாகவும் "8.40" அடுத்த துண்டாகவும் வரலாம். வந்த துண்டை அப்படியே எண்ணாக மாற்றும் கோடு இருந்தால் 8.40 பதிவாகும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இது வராது. மடுவத்தில், போன் சூடாகி, பின்னணியில் வேறு வேலைகள் ஓடும்போது வரும்.

வரும் பைட்டுகளை ஒரு இடைத்தாங்கியில் (buffer) சேர்த்துக்கொண்டே போங்கள், வரி முடிவு வந்தால் மட்டும் ஒரு வரியாக எடுத்துப் பிரியுங்கள். இணைத்ததும் கிடைக்கும் முதல் வரியைத் தூக்கி எறியுங்கள். அது நடுவில் தொடங்கியதாக இருக்கலாம். வரியின் நீளமும் வடிவமும் தராசின் கையேட்டில் சொன்னபடி இல்லாவிட்டால் ஏற்க வேண்டாம்.

அடுத்தது நிலைத்த அளவீடு. பல தராசுகள் வரியின் தொடக்கத்திலேயே எடை நிலைத்துவிட்டதா, இன்னும் ஆடுகிறதா என்று ஒரு குறி அனுப்புகின்றன. எஸ்டி என்றால் நிலைத்தது, யூஎஸ் என்றால் இன்னும் இல்லை என்பது பரவலாக உள்ள வழக்கம். அதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுக்கும் செயலியில், சாக்கைத் தொங்கவிட்டு ஆட்டம் நிற்கும் முன்னே அழுத்தினால் கூடவோ குறையவோ விழும். நிலைக்காத அளவீட்டுக்குப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கட்டும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விடயம்: தராசு அனுப்பிய மூல வரியை அப்படியே பதிவோடு சேமியுங்கள். அது சில பைட்தான். ஒருவர் வந்து "பதினெட்டு காட்டுச்சு" என்றால், அந்த வரியைத் திறந்து அவருக்குக் காட்டலாம். அது இல்லாவிட்டால் அவர் வார்த்தைக்கும் நம் எண்ணுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல எதுவும் இல்லை, அந்த வழக்கில் எப்போதும் தோற்பவர் யார் என்று மலையகத்தில் சொல்லத் தேவையில்லை.

இணைப்பே கிடைக்கவில்லை என்றால் அனுமதிகளைப் பாருங்கள். அண்ட்ராய்டு 12 முதல் அருகிலுள்ள சாதனங்களுக்கு என்று தனி அனுமதி வேண்டும். 6 முதல் 11 வரை புளூடூத் தேடலுக்கு இட அனுமதி வேண்டும்.

"மூணையும் கூட்டினா பதினெட்டு வருது, ஆனா அரைப்பேர் போட்டிருக்கு"

முழுப்பேர் என்பது முழுநாள் சம்பளம், அரைப்பேர் அதில் பாதி. சிறிய பிழை, பெரிய பாதிப்பு. கிலோவை மிதவை எண்ணாக (float) வைத்திருந்தால் இது நடக்கும். ஜாவாஸ்கிரிப்டில் 0.1 ஐப் பத்துத் தடவை கூட்டிப் பாருங்கள்: 1 வராது, 0.9999999999999999 வரும். திரையில் அதை 1.00 என்று காட்டுவோம், யாருக்கும் தெரியாது. ஒரு தோட்டத்தில் முழுப்பேருக்கு எல்லை 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை உள்ளே 17.999999 என்று நின்றால், "18 அல்லது அதற்கு மேல்" என்ற ஒப்பீடு பொய்யாகும். திரை 18.00 என்று காட்டும், சம்பளம் அரைப்பேர் என்று போடும். கேட்கிறவருக்கும் புரியாது, கணக்கப்பிள்ளைக்கும் புரியாது.

எடையைக் கிராமில், முழு எண்ணாகச் சேமியுங்கள். 18.4 கிலோ என்றால் 18400. பணத்தைச் சதத்தில் வையுங்கள். காட்டும் இடத்தில் மட்டும் வகுத்துக் காட்டுங்கள்.

இதே இடத்தில் முழுமையாக்கும் விதியையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நிறுவையையும் முழுக் கிலோவுக்குக் கீழே வெட்டிவிட்டுக் கூட்டுவதும், மூன்றையும் கூட்டிவிட்டு ஒரு தடவை வெட்டுவதும் ஒன்றல்ல. 6.7, 5.8, 6.6 என்று வந்தால் முதல் வழியில் 17, இரண்டாவதில் 19. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பதும் அப்படியே. இவை கோடுக்குள் ஒரு மூலையில் எண்ணாகப் புதைந்திருக்கக் கூடாது. கழித்தது எவ்வளவு என்று தனி வரியாகச் சேமித்து, துண்டிலும் தனி வரியாக அச்சிடுங்கள்.

"இவங்க பிறந்த திகதி ஒரு நாள் மாறியிருக்கு"

எல்லாருக்கும் மாறவில்லை, சிலருக்கு மட்டும் மாறியிருக்கிறது என்பதுதான் இங்கே தடயம். எந்தப் பக்கம் மாறியது என்று முதலில் பாருங்கள்.

ஒரு நாள் முந்தியிருந்தால் நேர வலயம். இலங்கையின் நேரம் எப்போதும் இப்போது இருப்பது போலவே இருந்ததில்லை. வரட்சியால் நீர்மின் உற்பத்தி விழுந்து மின்வெட்டு நீண்ட 1996 இல், மே 25 அன்று கடிகாரத்தை முன்தள்ளி, யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து ஆறரை மணி முன்னால் என்று வைத்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அதை ஆறு மணி ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15 இல்தான் மறுபடி ஐந்தரை மணிக்கு வந்தது. இப்போது 2001 மார்ச் 12 இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு நேர வலய விதிப்படி அந்த நள்ளிரவைச் சேமித்தால், அது யூடிசியில் மார்ச் 11 மாலை 6 மணி. அதை எடுத்துக் காட்டும் இன்னொரு கோடு, இலங்கை என்றால் ஐந்தரைதானே என்று கையால் ஐந்தரை மணியைக் கூட்டினால், மார்ச் 11 இரவு 11.30. திரையில் 11 ஆம் திகதி. 1995 இல் பிறந்தவருக்கும் 2007 இல் பிறந்தவருக்கும் இது வராது. பட்டியலை ஆண்டுவாரியாகப் பிரித்தால் பிழை அந்தப் பத்து வருடத்துக்குள் அடைபட்டிருப்பது கண்ணுக்கே தெரியும். பிறந்த திகதியைத் திகதியாக மட்டும் சேமியுங்கள். அதற்கு மணியும் வேண்டாம், வலயமும் வேண்டாம்.

ஒரு நாள் பிந்தியிருந்தால் அடையாள அட்டை இலக்கத்திலிருந்து திகதியைக் கணித்திருப்பீர்கள். அந்த இலக்கத்தில் பிறந்த வருடமும், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. அந்த நாள் கணக்கு எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 உண்டு என்றே வைத்துச் செய்யப்படுகிறது. ஆகவே 2001 மார்ச் 1 இல் பிறந்தவருக்கு 61 என்று இருக்கும். சாதாரணமாகக் கணித்தால் 61 ஆம் நாள் மார்ச் 2. லீப் அல்லாத வருடத்தில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த எல்லாருக்கும் இந்த ஒரு நாள் ஏறும். ஜனவரி, பெப்ரவரிக்காரர்களுக்கு ஏறாது.

பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், ஆகவே இதைக் கழிக்க மறந்த கோடு பட்டியலையே கெடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் 561 ஆம் நாளைப் பிழை என்று சொல்லாது. அமைதியாக அடுத்த வருடம் ஜூலைக்குப் போய் நிற்கும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையும், அதற்கு முந்திய 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அட்டையும் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவாக விழலாம். பழையதைப் புதிய வடிவுக்கு மாற்ற, முன்னால் 19, நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் அந்த வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

தொழிற்சாலை இரவு முறையின் பதிவுகள் முந்திய நாள் கணக்கில் விழுந்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான். நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை யூடிசியில் இன்னும் நேற்று. சேர்வரில் நாள்வாரியாகக் கூட்டும் வரியில் கொழும்பு வலயத்தைச் சொல்லிவிடுங்கள்.

"பேரைத் தேடினா இல்லைன்னு சொல்லுது, ஆனா பட்டியல்ல இருக்காங்க"

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர் கணினிக்கு வேறாக இருக்கலாம். கோகிலா என்பதில் "கோ" வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்கொம்பும் பின்காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். எந்த விசைப்பலகையில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். இதற்கு மருந்து எளிது: சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எப்சி என்ற இயல்பாக்க வடிவுக்கு மாற்றுங்கள்.

அந்த மருந்துக்கு அடங்காதவையும் உண்டு. சௌந்தரி என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பு போட்டு அப்புறம் ளகரத்தைத் தட்டி செளந்தரி என்று எழுதுகிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, இயல்பாக்கமும் இதைத் தொடாது. எங்கிருந்தாவது வெட்டி ஒட்டியபோது கூடவே வந்த அகலமில்லா இணைப்புக் குறிகளும் அப்படித்தான். தேடலுக்கு மட்டும் அட்டவணையில் தனி நிரல் (column) ஒன்று வைத்து, அதில் இவற்றை ஒருமைப்படுத்தி வையுங்கள். மூலப் பெயரைத் திருத்த வேண்டாம். மலையக மக்களின் பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் எழுதப்பட்டிருப்பது சாதாரணம். நாம் நல்லது செய்வதாக நினைத்து எழுத்தைத் திருத்தினால், ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போகும் நாளில் ஆவணங்கள் ஒத்துப்போகாமல் அவர்தான் அலைய வேண்டியிருக்கும். ஆளை அடையாளம் காணும் திறவுகோல் தொழிலாளர் இலக்கமாகவே இருக்கட்டும், பெயர் வேண்டாம்.

பழைய எக்செல் பட்டியல்களை உள்ளே எடுக்கும்போது பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அது யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துரு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான் பயன்படுகிறது. ஆகவே அரைப்புள்ளியால் நிரல் பிரிக்கும் கோப்பாக அதைச் சேமித்தால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் பெயர் அறுபடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அப்புறம் கோப்பாக்குங்கள். மாற்றும்போது பெயர் நிரலை மட்டும் மாற்றுங்கள். இலக்கங்களும் ஆங்கிலத்தில் உள்ளவையும் கூடவே மாறினால் கெட்டுவிடும்.

தலைப்பெழுத்து தவறாக வந்தால், அதாவது சுப்பையாவின் மகளுக்கு "சு" வராமல் "ச" வந்தால், முதல் குறியீட்டை வெட்டி எடுத்திருக்கிறீர்கள். எழுத்துக்கொத்தாகப் பிரிக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்டிலும் பிற மொழிகளிலும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஸ்ரீ, க்ஷ போன்றவற்றை அது இரண்டாக உடைக்கும். அவற்றைத் தனியாகக் கவனியுங்கள்.

"மெசேஜுக்குக் காசு மூணு மடங்கு போகுது"

ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து. அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் வேறு குறிமுறைக்கு மாறி 70 ஆகிவிடும். நீண்டு பல துண்டானால் ஒரு துண்டுக்கு 67. எண்ணப்படுவது குறியீடுகள், ஆகவே "கொ" இரண்டு, இயல்பாக்காத "கொ" மூன்று. தொழிலாளருக்கு அனுப்பும் நிறுவைச் செய்தியில் பெயர், திகதி, மூன்று நிறுவை, மொத்தம், இவ்வளவு போதும். வாழ்த்து வேண்டாம். ஆங்கிலச் செய்திதான், ஆனாலும் 70 ஆகிறது என்றால் எங்கோ ஒரு வளைந்த மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டிருக்கும்.

"பாதுகாப்பில்லைன்னு சொல்லிட்டு நிக்குது"

போனின் திகதியைப் பாருங்கள். பற்றரி முழுக்க இறங்கி மறுபடி ஏறிய பழைய போன் பல வருடம் பின்னால் போயிருக்கும்; சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவில்லை. திகதி சரியென்றால் அண்ட்ராய்டு பதிப்பைக் கேளுங்கள். இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டின் சான்றிதழ் வைத்திருக்கும் சேர்வர் என்றால், 7.1.1 க்கு முந்திய போன்கள் அதன் இன்றைய மூலச் சான்றிதழை அறியாது. அவற்றுக்காக இருந்த குறுக்குக் கையொப்பமும் (அந்தப் போன்கள் அறிந்த பழைய மூலச் சான்றிதழ் தந்த உறுதியும்) 2024 செப்டெம்பர் 30 உடன் முடிந்தது. அந்த மூலச் சான்றிதழைச் செயலிக்குள் சேர்த்து அனுப்பலாம். சான்றிதழ்ச் சோதனையை முடக்கிவிட்டு "இப்ப வேலை செய்யுது" என்று சொல்வது தீர்வே இல்லை. தொழிற்சாலை வைஃபையில் நடுவே இருக்கும் யாரும் நிறுவையை மாற்றி எழுதலாம் என்று கதவைத் திறந்து வைப்பது அது.

"நகலை எடுத்துப் போட்டோம், கடைசி நாள் கணக்கைக் காணோம்"

சித்திரை, ஐப்பசி மாதப் பின்னேர இடிமழையில் கரண்ட் போய்த் தொழிற்சாலைக் கணினி அணைந்து, அப்புறம் நகலிலிருந்து மீட்டால் இப்படிக் கேட்கும். எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தளத்தை வால் (WAL) என்ற முறையில் ஓட்டினால், புதிதாக எழுதியவை முதலில் பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்பில்தான் இருக்கும். பிறகுதான் பிரதானக் கோப்பில் சேரும். பிரதானக் கோப்பை மட்டும் பிரதி எடுத்தால் அந்தக் கடைசிப் பதிவுகள் வராது. மூலக் கணினி இன்னும் உயிரோடு இருந்தால் அதில் எதையும் திறக்காமல், பெயர் ஒன்றாகத் தொடங்கும் எல்லாக் கோப்பையும் ஒன்றாக வேறு இடத்துக்கு எடுத்து அங்கே திறந்து பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

இனிமேல் கோப்பைப் பிரதி எடுக்காமல், எஸ்கியூலைட்டின் நகல் வசதியையோ "வாக்கியூம் இன்டூ" (VACUUM INTO) கட்டளையையோ பயன்படுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான ஒரு பிரதியை அது தரும். மாதத்தில் ஒரு நாள், செக்ரோலை மூடுவதற்கு முன், அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து, நேற்றைய மாலை நிறுவையின் கடைசி வரியை மடுவத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.